முழங்காலுக்கு மேலே

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது என் இடது செருப்பின் மேல் ஒரு சிவப்பு. மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெரியவர் வெற்றிலை மென்றபடி நின்றிருந்தார். அவர்தான் துப்பிவிட்டார் என்று முடிவுகட்டித் திரும்பினேன்.

"துப்புறதுக்கு வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?"

"நான் எங்கம்மா துப்னேன்? வாய்க்குள்ளயே கீது பாரு" என்று வாயைத் திறந்தே காட்டினார். அப்புறம் குனிந்து பார்த்தார். குரல் மாறிற்று. "யம்மோவ், ரத்தம்மா. உன் காலுலேர்ந்து வருது."

புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினேன். உள்பக்க எலும்புக்குச் சற்று மேலே, பல வருடங்களாகக் கறுத்துக் கிடந்த தோலில், குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. ரத்தம் சொட்டவில்லை. மெல்லிய கம்பி போல நேராகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது, உடம்பு எனக்குத் தகவலே சொல்லவில்லை.

அது தொண்ணூறுகளின் கடைசி. நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு அந்த வட்டாரத்தின் செய்தியாளராக இருந்தேன். செங்கல்பட்டு நீதிமன்ற வராந்தா, தாலுகா அலுவலகம், கடற்கரையில் வலைத் தகராறு, ஓட்டல்களில் அமைச்சர் வருகை. எல்லாமே நின்று செய்கிற வேலை. நாற்காலி வந்திருந்தவர்களுக்கு, நிருபருக்குச் சுவர். இடது காலில் நரம்புகள் மண்புழு போலச் சுருண்டு கிடந்தன. புடவை கட்டுகிறவளுக்கு அது யாருக்கும் தெரியாத விஷயம், தனக்கும் பாதிதான் தெரிந்த விஷயம்.

பஸ் நிலையத்தின் ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருந்தவள் கஸ்தூரி, என் கணவரின் தங்கை. கூட்டத்தைப் பார்த்துக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அண்ணி! இன்னா பண்ணிக்கினு நிக்கிற? குந்து மொதல்ல!"

பெஞ்சில் உட்கார வைத்து, தோளில் கிடந்த துண்டை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. மேலும் இறுக்கினாள். மேலும் வந்தது. எனக்குத் தலை சுற்றி, பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். கஸ்தூரி என் காலைத் தூக்கித் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, துண்டை அவிழ்த்து மறுபடி கட்டப் போனாள். கால் மேலே போனதும் ரத்தம் நின்றுவிட்டது.

"பாத்தியா என் கட்டு!" என்றாள். கட்டு அப்போது அவள் கையில் இருந்தது.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலுக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகிற குழாய் இது. ஓட்டைக்கு மேலே இறுக்கிக் கட்டினால் திரும்பும் வழியை அடைக்கிறோம். ரத்தம் ஓட்டை வழியாகத்தான் வரும். கீழே படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, ஓட்டையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தால் போதும். அன்று அந்த பஸ் நிலையத்தில் யாருக்கும் அது தெரியாது. நான் மயங்கிச் சாய்ந்ததுதான் முதலுதவி.

ஆட்டோவில், கஸ்தூரியின் மடியில் கால் வைத்தபடி, செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் சொல்ல வந்தது கெட்டவர்களைப் பற்றிய கதையும் இல்லை.

ஒரு தையல் போட்டு, அழுத்தமாகக் கட்டி, கட்டிலின் கால்பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்திப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை சர்ஜன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர், மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கிற பழக்கம். நான் படுத்திருந்தேன். சிஸ்டர் என் புடவையை முழங்கால் வரை மடித்து, அதற்கு மேல் ஏறிவிடாமல் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டார். டாக்டர் கட்டை அவிழ்த்துக் கணுக்காலைப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார்.

"முன்னாடி எப்பவாவது இந்தக் கால் திடீர்னு வீங்கி, படுத்துக் கெடந்தீங்களா?"

"இல்லை டாக்டர்."

"வெரிகோஸ் வெயின்தான். தொடையிலேருந்து எடுத்துரலாம். வியாழக்கிழமை."

ஒரு புகைப்படம் எடுக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

நோய் இதுதான். நாம் நரம்பு என்று சொல்வதைப் புத்தகத்தில் சிரை என்று எழுதுகிறார்கள். காலில் இரண்டு அடுக்காக இவை ஓடுகின்றன. தோலுக்கு அடியில் சிறியவை, சதைக்கு நடுவே பெரியவை. கெண்டைக்கால் சதை ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது கீழே விழாமல் இருக்க உள்ளே சின்னச் சின்னக் கதவுகள், மேல்நோக்கி மட்டும் திறப்பவை. கதவு கெட்டால் ரத்தம் கீழே தேங்கும். குழாய் உப்பும், வளையும். கணுக்காலில் தோல் கறுத்து, தோல்பை போலக் கெட்டியாகி, ஒருநாள் உடையும். கெட்ட குழாயை உருவி எடுத்துவிட்டால் ரத்தம் உள்ளே இருக்கிற பெரிய குழாய் வழியாகப் போய்விடும். அதனால் எடுக்கலாம். இந்தக் கணக்கில் தவறில்லை, உள்ளே இருக்கும் பெரிய குழாய் நன்றாக இருக்கும்வரை.

என் கணவர் சேகர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் கேஷியர். மதியம் வந்தார். ஓட்டலிலிருந்து இரண்டு தலையணை கொண்டுவந்திருந்தார், எப்படி என்று நான் கேட்கவில்லை. சாத்துக்குடியை உரித்து, விதை எடுத்து, சுளைசுளையாகக் கையில் கொடுத்தார். வீட்டில் ஒருநாளும் செய்யாதவர்.

"வியாழக்கிழமையோட விட்டது சனியன். எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார். பஸ் நிலையத்துத் தரையை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். கஸ்தூரி மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவியும் கறை போகவில்லையாம்.

அன்று மதியம் சும்மா கிடந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத நிருபர் வேறென்ன செய்வது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். நரம்புகள் இல்லை. மண்புழுக்கள் எல்லாம் மறைந்து தோல் தட்டையாக இருந்தது. எழுந்து கழிவறைக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, கதவைச் சாத்திவிட்டுப் புடவையைத் தூக்கினேன். இருந்தன. முழங்காலுக்குக் கீழே மட்டும் இல்லை, தொடையின் உள்பக்கமாக மேலே மேலே போயின. பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் வெளிச்சத்தில் என் தொடையை முழுதாக அவரும் பார்த்ததில்லை. நானும் பார்த்துக்கொண்டதில்லை.

கட்டிலுக்குத் திரும்பி யோசித்தேன். நிற்கும்போது மட்டும் தெரிகிற ஒன்றை டாக்டர் என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார். தொடையிலிருந்து எடுக்கப் போவதை முழங்காலோடு பார்த்து நிறுத்தினார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: சம்பவ இடத்துக்குப் போகாமல் எழுதிய செய்தி. சில சமயம் அது சரியாகவே இருந்துவிடும். அதற்காக அதை அச்சேற்ற முடியாது.

மாலை ரவுண்ட்ஸில் கேட்டேன்.

"டாக்டர், எங்கேருந்து எடுப்பீங்க?"

"தொடை மடிப்புலேருந்து கணுக்கால் வரைக்கும்."

"அங்கல்லாம் நீங்க பார்க்கலையே."

சிஸ்டர் என்னை முறைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாதாரண ஆபரேஷன்மா. எத்தனையோ பண்ணியிருக்கேன்."

"இருக்கலாம். என் காலை இன்னும் பார்க்கலை."

"பேப்பர்ல இருக்கீங்கல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததால் நிறுத்தினார். பிறகு சொன்னதை நேர்மையாகவே சொன்னார். "நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதான். இந்தப் பக்கத்துல பொம்பளைங்க முட்டிக்கு மேல புடவையை விட மாட்டாங்க. கட்டாயப்படுத்தினா எழுந்து போயிருவாங்க, அப்புறம் புண்ணு வந்து அழுகின பிறகுதான் வருவாங்க. அதனால நான் கேக்கறதில்லை. மயக்கம் குடுத்த பிறகு மேல பாத்துக்கறது."

"மயக்கத்துல நான் நிக்க மாட்டேனே டாக்டர்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலைப் பார்த்தார், தட்டையாக, ஒன்றுமே இல்லாமல் கிடந்த காலை.

"முழுசா நிக்க வச்சுப் பாருங்க. அப்புறம் எடுக்கணும்னு சொன்னா எடுத்துக்குங்க. பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாளைக்குக் காலையில" என்றார். "வெளிச்சம் நல்லா இருக்கும்போது."

அவர் போனதும் சேகர் வெடித்தார். இத்தனை நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றவர். "எல்லாப் பொம்பளைங்களும் முட்டிக்கு மேல தூக்காமத்தான் வைத்தியம் பாத்துக்கறாங்க. நீ மட்டும் என்ன அதிசயமா? ஒரு ஆம்பளை டாக்டர் முன்னாடி அப்படி நிக்கப் போறியா?"

"நாளான்னைக்கு அவர் கத்தியால தொடப்போற எடத்தை நாளைக்குக் கண்ணால பார்த்தா என்ன கெட்டுப் போச்சு?"

"ஆபரேஷன் தள்ளிப் போனா? மறுபடி ரோட்டுல பீய்ச்சினா? நான் கூட இல்லாதப்ப?"

அவருடைய கோபத்துக்குள் இருந்தது இதுதான். எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் பயப்படுகிறவள் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் மோர் பாக்கெட் இருந்தது.

இரவுச் சாப்பாடு கொண்டுவந்த கஸ்தூரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா, அண்ணன் மூஞ்சி இஞ்சி தின்ன கொரங்கு மாறி கீது?"

சொன்னேன்.

"இதுக்கா பேஜாரு? நாளைக்குக் கடைய மூடிட்டு நான் வர்றேன். நான் போர்வை புடிச்சிகினு நிக்கிறேன், எவன் எட்டிப் பாக்கறான்னு பாக்கலாம்." சேகரிடம் திரும்பினாள். "உன் பொண்டாட்டி காலு, அண்ணாத்த. பஸ் ஸ்டாண்டுல ஊரே பாத்துச்சு. டாக்டரு பாத்தா தேஞ்சிடுமா?"

புதன்கிழமை காலை. கிழக்குச் சன்னல் உள்ள பரிசோதனை அறை. கட்டிலில் ஏறுவதற்காகப் போட்டிருக்கும் மரப்படியின் மேல் என்னை நிற்கச் சொன்னார்கள். டாக்டர் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுத் தரையோடு உட்கார்ந்தார். சிஸ்டர் பக்கத்தில். கஸ்தூரி கதவுக்கு முன்னால் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். சேகர் வராந்தாவில். நான் புடவையை அவிழ்த்து மடித்துக் கட்டில்மேல் வைத்தேன். பாவாடையை இடது பக்கம் சுருட்டி இடுப்பில் செருகினேன். யாரும் எனக்குச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. நரம்பு நிறையட்டும்."

நின்றேன். எனக்குக் கூசியது என்பது உண்மை. கூசியும் நின்றேன் என்பதும் உண்மை.

அவர் பார்க்க ஆரம்பித்ததும் வேறு ஆளாகிவிட்டார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு காலும் சேர்த்து. உள்பக்கமாக ஓடினால் ஒரு பெரிய நரம்பின் கிளை, கெண்டைக்கால் பின்னால் இருந்தால் இன்னொன்று என்று சிஸ்டருக்குச் சொல்லிக்கொண்டே போனார். டேப் வைத்து இரண்டு கால்களின் சுற்றளவும் எடுத்தார். இடது தொடையே வலதைவிடப் பருமனாக இருந்தது. எனக்கு அது தெரியாது. கணுக்காலுக்கு மேலே தோல் இறுகிச் சுருங்கி, அதற்கு மேல் வீங்கி, கவிழ்த்து வைத்த சோடா பாட்டில் மாதிரி இருப்பதைக் காட்டினார். "இது நாலஞ்சு மாசத்துச் சமாச்சாரம் இல்லை. பல வருஷம்." பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். மேலிருந்து ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் இறுக்கிக் கட்டுப் போடக் கூடாதாம். தொடை மடிப்பில் விரலை வைத்து "இருமுங்க" என்றார். இருமினேன். மேலே இருக்கிற கதவு கெட்டிருந்தால் இருமலின் வேகம் விரலில் வந்து மோதும்.

கஸ்தூரிக்குக் கை வலித்திருக்க வேண்டும். போர்வையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டே திரும்பினாள்.

"அண்ணி, வவுத்துல இன்னா அது? பாம்பு மாறி போவுது?"

பாவாடை நாடா சற்று இறங்கியிருந்தது. அடிவயிற்றின் குறுக்கே, இடது தொடை மடிப்பிலிருந்து வலதுபக்கம் வரை, பலப்பத்தின் கனத்தில் ஒரு நரம்பு ஓடியது.

டாக்டர் முக்காலியை முன்னால் நகர்த்தினார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"தெரியலை டாக்டர். புள்ளை பெத்த வயிறு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இந்தக் கால் எப்பவாவது மொத்தமா வீங்கியிருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி சொன்னாள். "வீங்காமயா? பொண்ணு பொறந்தப்போ மதுராந்தகத்துல அவங்கம்மா வூட்டுக்குப் பாக்கப் போனேன் சார். இந்தக் காலு யானைக்காலு மாறி கீது. வெள்ளையா, பளபளன்னு. தொட்டா கத்துது. காத்து பூந்துடுச்சின்னு உப்பு ஒத்தடம் குடுத்துகினு இருந்தாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நேத்து கேட்டப்ப இல்லைன்னீங்க?"

"நீங்க காலைப் பத்திக் கேட்டீங்க. அது பிரசவம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு அந்த நாட்களில் வருவதெல்லாம் பிரசவத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். காய்ச்சலும் பிரசவம், வீக்கமும் பிரசவம். அது நோய் இல்லை, வரும் போகும். பச்சை உடம்பு என்று பாயைவிட்டு எழ விடவில்லை. வயிற்றை இறுக்கிச் சுற்றிப் படுக்கவே வைத்திருந்தார்கள், அன்பாகத்தான். அப்படி அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உள்ளே உறைந்திருக்கலாம் என்று ஒன்பது வருடம் கழித்துச் சொன்னார் டாக்டர். இன்னொருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் நான் குறுக்குக் கேள்வி கேட்டிருப்பேன். என் கதையில் அந்தப் பகுதியை நானே வெட்டி எறிந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவசரமே இல்லாமல் செய்தார். படுக்க வைத்துக் காலைத் தூக்கி, நரம்புகளைக் கையால் நீவிக் காலி செய்தார். தொடையின் மேற்பக்கம் ஒரு ரப்பர் குழாயைக் கட்டி எழுந்து நிற்கச் சொன்னார். ரத்தம் மேலிருந்து விழுந்து நிறைகிறதா, நடுவழியில் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கிற சோதனை. பிறகு அவிழ்த்து, நரம்பு நிறைந்திருக்கும்போதே திரும்பக் கட்டினார்.

"இப்ப நடங்க. வேகமா. நான் போதும்ங்கற வரைக்கும்."

அது கடைசிச் சோதனை. தோலடி வழியை ரப்பரால் மூடியாயிற்று. நடக்கும்போது சதை பிழிகிற ரத்தம் உள்ளே இருக்கும் பெரிய குழாய் வழியாகத்தான் மேலே போயாக வேண்டும். அந்த வழி திறந்திருந்தால், நடக்க நடக்க நரம்புகள் வற்றும். அடைத்திருந்தால் உப்பும்.

புடவையைச் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அங்கேயும் இங்கேயும் நடந்தேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். கஸ்தூரி கூடவே வந்தாள்.

"இன்னா பாக்குற? அண்ணி வாக்கிங் போவுது. நீயும் வர்றியா?"

மூன்றாவது சுற்றில் கால் கனத்தது. பிறகு வலி ஆரம்பித்தது. குத்துகிற வலி இல்லை, எரிகிற வலியும் இல்லை. உள்ளேயிருந்து யாரோ காற்றடிப்பது போல, கெண்டைக்கால் வெடித்துவிடும் என்பது போல. சேகர் என் முழங்கையைப் பிடித்தார். "போதும், நிறுத்து" என்றார். டாக்டர் சொல்லவில்லை, அதனால் நான் நிறுத்தவில்லை. அவர் கையை உதறவும் இல்லை. அவரும் கூட நடந்தார்.

உள்ளே போனதும் டாக்டர் பார்த்தார். நரம்புகள் வற்றவில்லை. முன்பைவிடத் தடித்து, நீலமாகப் புடைத்து நின்றன. ரப்பரை அவரே அவிழ்த்தார்.

பிறகு சேகரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "ஜி.எஸ்.டி. ரோட்டுல பாலாத்துப் பாலத்தை மூடிட்டாங்கன்னு வச்சுக்குங்க. வண்டியெல்லாம் என்ன பண்ணும்?"

"ஊருக்குள்ள பூந்து சுத்திப் போவும்" என்றார் சேகர்.

"தெருவெல்லாம் நெரியும். பாக்க அசிங்கமா இருக்கும். நெரியுதேன்னு தெருவையே இடிச்சுட்டா?"

சேகர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"வயித்துல குறுக்க போற அந்த நரம்பும் அப்படி ஒரு தெருதான்னு நெனைக்கறேன். இடதுபக்க வழி அடைச்சு, ரத்தம் வலதுபக்கத்துக்கு மாறிப் போவுது. கையால பாத்ததுதான், தப்பாவும் இருக்கலாம். சென்னையில டாப்ளர்னு ஒரு படம் எடுக்கறாங்க, உள்ள ரத்தம் ஓடறதையே பாக்கலாம். அதை எடுக்காம நான் கத்தி வைக்க மாட்டேன்." என்னிடம் திரும்பினார். "வியாழக்கிழமை வேண்டாம்."

பில்லைக் கட்டினோம். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்வேன். வீட்டுக்கு வந்த பிறகு சேகர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் நான் வாசலுக்குப் போனால்கூடப் பின்னால் வந்து கணுக்காலைப் பார்த்தார். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார். "அந்தப் படத்துல ஒண்ணுமில்லைன்னு வந்தா, நீ சும்மா பிடிவாதம் புடிச்சேன்னுதான் அர்த்தம்."

"வந்தா அடுத்த நாளே ஆபரேஷனுக்குப் படுக்கறேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

என் காலில் இருந்த கேள்வி அந்த அளவுக்கு எளிது. உள்வழி திறந்திருந்தால் இந்த அசிங்கமான நரம்புகளை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மூடியிருந்தால் இந்த அசிங்கமான நரம்புகள்தான் என் காலுக்கு இருக்கிற ஒரே வழி.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. கூச்சம் உங்கள் சொத்து, வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள், போர்வை பிடிக்கச் சொல்லுங்கள், பெண் டாக்டர் வேண்டுமென்று கேளுங்கள். ஆனால் நரம்புக்காகப் போனால் நின்று காட்டுங்கள். இடுப்பிலிருந்து குதிகால் வரை காட்டுங்கள். அவர் படுக்கச் சொன்னால், "நின்னாத்தானே தெரியும்" என்று கேளுங்கள். கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டால் பிரசவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளும் டாக்டரும் இருப்பார். கோபம் அவருடையது, கால் உங்களுடையது.

சென்னைக்கு அடுத்த வாரம் போனோம். காத்திருக்கும் அறையில் குளிர் அதிகம். எங்கள் முறை வர மத்தியானமாகிவிட்டது. கஸ்தூரி கட்டிக் கொடுத்திருந்த இட்லியை சேகர் தொடவில்லை. படம் எடுத்தவர் ஒரு பெண் டாக்டர். ஏற்கெனவே யாரோ சொல்லி வைத்தது போல, "நின்னுக்குங்க" என்றார். புடவையை எடுத்து மடித்து வைத்தேன். சேகர் வெளியே போக எழுந்தார். "இருங்க, பாருங்க" என்றேன். இருந்தார்.

குளிர்ந்த பசை தடவி, சோப்புக்கட்டி போன்ற ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்து மேலே நகர்த்தினார். கறுப்புத் திரையில் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். கெண்டைக்காலைக் கையால் அமுக்கும்போது 'வுஸ்ஸ்' என்று காற்றடிப்பது போல ஒரு சத்தம். அது என் ரத்தம் ஓடுகிற சத்தம் என்றார். முழங்காலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மெலிந்தது. தொடைக்கு வந்தார். அமுக்கினார். மறுபடி அமுக்கினார். கருவியைக் கொஞ்சம் திருப்பி, தொடை மடிப்பு வரை கொண்டுபோய், அங்கிருந்து அடிவயிற்றுக்கு நகர்த்தினார். சேகர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

இடது தொடையின் உள்நரம்பு, முழங்காலுக்கு மேலிருந்து இடுப்புக்குள் நுழையும் இடம் வரை, மூடியிருந்தது.